பழைய வண்டியும் புகைச் சோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஓடும், பத்துப் பதினைந்து வயதைத் தாண்டிய பைக், கார், வேன் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. சோதனையில் தோற்று வருபவர்களில் பாதிப் பேர் "எப்படியாவது பாஸ் போட்டுக் கொடுக்கிற இடம் எங்கே இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். அதைவிடச் சோதனை மையம் தரும் சீட்டில் இருக்கும் எண்களைப் படிப்பது லாபம். இன்ஜினில் எங்கே கோளாறு என்பதை அவை ஏறக்குறையச் சொல்லிவிடும். அதைச் சரிசெய்தால் புகையும் குறையும், மைலேஜும் திரும்பும்.

என் வண்டிக்கு எவ்வளவு புகை வரை அனுமதி?

வண்டி தயாரான காலத்தைப் பொறுத்தது. பழைய வண்டியை இன்றைய வண்டியின் அளவுகோலால் யாரும் அளப்பதில்லை. இந்த பயமே பலருக்கு வீண்.

2000 மார்ச் 31-க்கு முன் தயாரான இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை விடுகிறார்கள். யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் இந்தக் கணக்கில் வரும். அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவற்றில் இரண்டு ஸ்ட்ரோக்குக்கு 3.5 சதவீதமும் 6000-மும், நாலு ஸ்ட்ரோக்குக்கு 3.5 சதவீதமும் 4500-மும்.

பெட்ரோல் கார்களுக்கு பி.எஸ்., அதாவது பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் படிதான் கணக்கு. பி.எஸ். 2-க்கு முந்தையவை என்றால் 3 சதவீதம், 1500 பி.பி.எம். பி.எஸ். 2, பி.எஸ். 3 என்றால் ஒரேயடியாக 0.5 சதவீதம், 750-க்கு இறங்கிவிடும். பி.எஸ். 4 என்றால் 0.3 சதவீதம், 200. கூடவே காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலக்கின்றனவா என்று காட்டும் லாம்டா என்ற இன்னொரு எண்ணும் பார்ப்பார்கள். டீசலுக்கு வாயுவை அளப்பதில்லை, புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள்: பி.எஸ். 4-க்கு முந்தையவற்றுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, பி.எஸ். 4-க்கு 50.

என் கார் பி.எஸ். 3-ஆ, 4-ஆ என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆர்.சி.யில் இருந்தால் சிக்கல் இல்லை. இல்லாவிட்டால் தயாரான மாதமும் பதிவான ஊரும் பாருங்கள். சென்னை உட்பட 13 நகரங்களுக்கு பி.எஸ். 4 வந்தது 2010 ஏப்ரலில். நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரலில். ஆகவே 2012-இல் சென்னையில் வாங்கிய கார் பி.எஸ். 4 ஆகவும், அதே வருடம் வேறு மாவட்டத்தில் வாங்கியது பி.எஸ். 3 ஆகவும் இருக்கலாம். மையத்தில் தவறாகப் பதிந்துவிட்டால் 0.4 சதவீதம் காட்டும் நல்ல பி.எஸ். 3 கார்கூடத் தோற்றுப்போகும். சோதனைக்கு முன்பே திரையில் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள், தப்பில்லை.

புகைச் சோதனைச் சான்றிதழ் எத்தனை மாதம் செல்லும்?

புது வண்டிக்கு முதல் ஒரு வருடம் தேவையில்லை. பிறகு பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு 12 மாதம், அதற்கு முந்தையவற்றுக்கு 6 மாதம்.

சீட்டில் சி.ஓ., எச்.சி. என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் போகும்போது இந்தச் சீட்டை மறக்காமல் கொண்டுபோங்கள்.

சி.ஓ. என்பது கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போனால் இது ஏறும். எச்.சி. என்பது எரியாமல் தப்பி வெளியே வந்த பெட்ரோலும் ஆயிலும். பற்றவைப்பு தவறினாலோ, வால்வு சரியாக மூடாவிட்டாலோ, ஆயில் எரிந்தாலோ இது ஏறும்.

சி.ஓ. மட்டும் அதிகம் என்றால் கலவையில் கோளாறு: ஏர் ஃபில்டர், சோக், கார்புரேட்டர் என்று தேடுங்கள். எச்.சி. மட்டும் அதிகம், சி.ஓ. நன்றாகக் குறைவு என்றால் மிஸ்ஃபயர்: பிளக், பிளக் கேப், காயில், டேப்பெட் (வால்வு இடைவெளி), அல்லது எங்கோ விரிசலில் உள்ளே புகும் திருட்டுக் காற்று. இரண்டும் அதிகம் என்றால் முதலில் சி.ஓ.வைச் சரிசெய்யுங்கள். பெட்ரோல் வழிந்து பிளக் கறுத்துப்போனாலும் எச்.சி. ஏறத்தான் செய்யும், கலவை சரியானதும் பல நேரம் அதுவும் சேர்ந்து இறங்கிவிடும்.

சோதனைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடியது என்ன?

ஏர் ஃபில்டர், பிளக், ஆயில் மூன்றையும் பாருங்கள். மாற்றி நெடுநாளான இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும். அந்த ஆவி பிரீதர் குழாய் வழியாகத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே போய் எண்களை ஏற்றும்.

அடுத்தது, வண்டியை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள். தெருமுனையில் இருக்கும் மையத்துக்கு உருட்டிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் செய்பவர்கள் இருக்கிறார்கள். பைக் என்றால் கால் மணி நேரம், கார் என்றால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டிவிட்டு நேராகச் சோதனைக்கு விடுங்கள். வரிசை நீளமாக இருந்தால் ஐடிலில் வைத்தே காத்திருக்க வேண்டாம். உங்கள் முறை வருவதற்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள்.

கார்புரேட்டர் பைக். சி.ஓ. 5-க்கு மேல் காட்டுகிறது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் இறங்கவில்லை. ஏன்?

சோதனை ஐடிலில்தான் நடக்கிறது. அந்த நேரத்தில் மெயின் ஜெட்டுக்கும் ஊசிக்கும் வேலையே இல்லை. பைலட் ஜெட்டும் அதன் சின்ன ஸ்க்ரூவும்தான் எல்லாம். கழுவுபவர்கள் பெரும்பாலும் மெயின் ஜெட்டை ஊதிவிட்டு மாட்டிவிடுவார்கள்.

பைலட் ஸ்க்ரூ இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே முடுக்கினால் சி.ஓ. ஏறும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே முடுக்கினால் சி.ஓ. இறங்கும். இது தெரியாமல் தலைகீழாகத் திருகிவிட்டு "வண்டி அவ்வளவுதான் சார்" என்று கைவிரித்த கதைகள் நிறைய. இன்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்க்ரூவை மெல்லத் திருகி, ஐடில் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே நிறுத்துங்கள். அங்கிருந்து காற்று கூடும் பக்கமாக ஒரு மயிரிழை திருகுங்கள். பிறகு ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைச் சரிசெய்யுங்கள். 100 சி.சி. பைக்குக்குச் சுமார் 1400 சுற்று இருக்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று ஐடிலை அணையப்போகும் அளவுக்குக் குறைத்து வைத்தால் மிஸ்ஃபயர் வந்து எச்.சி. ஏறும்.

ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் எண் அசையவில்லையா? ஃப்ளோட் ஊசி தேய்ந்து பெட்ரோல் நிரம்பி வழிகிறது, அல்லது சோக் முழுதாக விடுபடவில்லை. சோக் கேபிளில் விளையாட்டே இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தாலும் இதேதான்.

2000-க்குப் பிறகு வந்த பல நாலு ஸ்ட்ரோக் பைக்குகளில் இன்னொரு குழாய் உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்குப் போய், எரியாத மிச்சத்தைச் சைலன்சர் வாயிலிலேயே எரிக்கக் காற்று கொடுக்கும். அது வெடித்திருந்தாலோ, "தேவையில்லாத பார்ட்" என்று யாராவது அடைத்திருந்தாலோ, இன்ஜின் நன்றாக இருந்தும் எண்கள் ஏறும்.

சி.ஓ. ஒரு சதவீதம்கூட இல்லை. எச்.சி. மட்டும் எகிறுகிறது.

கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டைப் பாருங்கள். பழைய வண்டியில் அது வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். ஐடிலில் வைத்து அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், இன்ஜின் சத்தம் மாறினால் அதுதான். அடுத்து டேப்பெட். சத்தம் வருகிறது என்று இறுக்கி இறுக்கி வைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல், எரியாத கலவை நேராகச் சைலன்சருக்குப் போகும். டேப்பெட் லேசாகத் தட்டுவது நல்ல அறிகுறிதான்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டி பாஸ் ஆகுமா?

ஆகும், அதற்கான வரம்பே பெரியது. கெடுப்பது பெரும்பாலும் ஆயில்தான். லிட்டருக்கு 20 மி.லி. என்று சொல்லியிருந்தால் 20-தான். "இன்ஜினுக்கு நல்லது" என்று இரட்டிப்பாக ஊற்றினால் நீலப் புகையும் சைலன்சர் நிறையக் கரியும்தான் மிச்சம். சைலன்சரையும் எக்ஸாஸ்ட் போர்ட்டையும் கரி எடுங்கள். புகை குறைந்த நல்ல டூ டி ஆயிலுக்கு மாறி, ஒரு டேங்க் ஓட்டிய பிறகு சோதனைக்குப் போங்கள்.

இன்ஜெக்ஷன் வந்த பழைய பெட்ரோல் கார். எல்லாம் மாற்றியும் சி.ஓ. 0.5-க்குக் கீழே வரவில்லை.

நம் ஊர்க் கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது தெர்மோஸ்டாட்டைத்தான். "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு சார் இது?" என்று கழற்றி வீசிவிடுவது இங்கே அரை நூற்றாண்டுப் பழக்கம். அம்பாசிடர் காலத்தில் அதனால் பெரிய தீங்கு தெரியவில்லை. கம்ப்யூட்டர் வைத்த காரில் கதை வேறு. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டரில் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் தன் வேலைச் சூட்டுக்கே வராது. கம்ப்யூட்டரோ வண்டி இன்னும் குளிரில் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சி.ஓ. ஏறும், மைலேஜ் இறங்கும், ஆயில் சீக்கிரம் கெடும். டெம்பரேச்சர் முள் எப்போதும் கால்வாசிக்குக் கீழேயே நின்றால் இதுதான் விஷயம். சில நூறு ரூபாய்ப் பொருள் அது. இல்லாமல் ஓட்டி வீணாக்கும் பெட்ரோல் அதைவிட எத்தனையோ மடங்கு.

தெர்மோஸ்டாட் இருந்தும் இதே நிலை என்றால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் பாருங்கள். அது பொய் சொன்னாலும் விளைவு ஒன்றுதான். பிறகு ஆக்ஸிஜன் சென்சார். வயதான சென்சார் செத்துப்போகாமல் மெதுவாகிவிடும், அதனால் செக் இன்ஜின் விளக்குகூட எரியாது. ஸ்கேனரில் அதன் வோல்டேஜ் மேலும் கீழும் துள்ளுகிறதா, சோம்பேறித்தனமாக நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் குற்றம் சொல்வது இதற்கெல்லாம் பிறகுதான்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் பிக்கப் வரும் என்கிறார்களே?

அடைத்துப்போன கன்வெர்ட்டரை எடுத்தால் வரும், ஏனென்றால் அடைப்பு போகிறது. நல்ல கன்வெர்ட்டரை எடுத்தால் வித்தியாசம் காதுக்குத்தான் தெரியும். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரலிலிருந்தே இது கட்டாயம். இது இல்லாமல் 0.5 சதவீதத்துக்குள் நிற்பது கடினம், 0.3 என்றால் மறந்துவிடலாம். கன்வெர்ட்டரை எடுத்துக்கொண்டு காசு கொடுக்கும் கடைகள் சும்மா கொடுப்பதில்லை. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது.

புதிய கன்வெர்ட்டர் போடும் முன் மிஸ்ஃபயரைச் சரிசெய்யுங்கள். எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி, புதியதும் அதே கதிக்குப் போகும்.

லாம்டா மட்டும் ஃபெயில். மற்ற எண்கள் நன்றாக இருக்கின்றன.

இன்ஜினைத் தொடவே தொடாதீர்கள். காரை உயர்த்திச் சைலன்சரைப் பாருங்கள். லாம்டா 0.97-இலிருந்து 1.03-க்குள் இருக்க வேண்டும். சைலன்சர் இணைப்பில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே கலந்து எண் 1.03-ஐத் தாண்டிவிடும். துருப்பிடித்த ஃபிளெக்ஸ் பைப், தளர்ந்த கேஸ்கெட், இவ்வளவுதான். வெல்டிங் கடையில் முடியும் வேலைக்கு இன்ஜெக்டர் வரை மாற்றிவிட்டு வருபவர்கள் உண்டு.

டீசல் வண்டி கறுப்புப் புகை தள்ளுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

காற்றிலிருந்து ஆரம்பியுங்கள். கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று அர்த்தம். ஏர் ஃபில்டர், டர்போ வண்டி என்றால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ். அந்த ஹோஸ் கிழிந்திருந்தால் மிதிக்கும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம், பின்னால் ஒரு கறுப்பு மேகம், பிக்கப்பும் போயிருக்கும்.

காற்று சரி என்றால் பம்ப். லோடு ஏற்றும் வண்டிகளில் "இழுக்கட்டும்" என்று பம்ப்பில் டீசலைக் கூட்டி வைப்பது சாதாரணம். வாங்கிய பழைய வண்டியில் பம்ப்பின் சீல் உடைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், பம்ப்பைச் சோதிக்க ஒழுங்கான பெஞ்ச் வைத்திருக்கும் கடையில் கேலிபரேஷன் செய்யுங்கள். நாசிலையும் அப்போதே அழுத்தம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூவாகத் தெளிக்க வேண்டிய நாசில் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் எந்த டியூனிங்கும் புகையை நிறுத்தாது.

புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றாலும் கறுப்புப் புகை வரும். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். தகடு வைத்து அடைத்தாலும் புகை குறையும், சோதனையிலும் தேறும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும், அதை நம் ஊர் மையங்கள் அளப்பதே இல்லை. இந்தச் சோதனையின் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது இதைத்தான்.

சோதனை நாளில் நெடுஞ்சாலையில் ஒரு கியர் குறைவாக வைத்து, இன்ஜினை நன்றாகச் சுற்றவிட்டு, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நேராகப் போங்கள். நகரத்துக்குள்ளேயே ஊர்ந்த வண்டியின் சைலன்சரில் தங்கிய கரி முழுவதும் முதல் மிதியிலேயே கருவிக்குள் கொட்டும்.

டீசல் சோதனையில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கிறார்கள். இன்ஜினுக்கு ஆபத்தா?

கவர்னர் ஒழுங்காக இருந்தால் இல்லை. அது குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் போகவிடாது. ஆனால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள் என்பதே நினைவில்லை என்றால் முதலில் அதை மாற்றுங்கள். ஆயில் அளவையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

நீலப் புகை, வெள்ளைப் புகை?

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். மேட்டில் முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். வெள்ளை காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வந்தால் நீராவிதான். சூடான பிறகும் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

ஊட்டியில் இருக்கிறேன். கோவையில் பாஸ் ஆன பைக் இங்கே தோற்கிறது.

கார்புரேட்டர் வண்டிதானே? ஊட்டி 2200 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்தது, ஆனால் கார்புரேட்டருக்கு அது தெரியாது, அதே பெட்ரோலைத்தான் கொடுக்கும். சி.ஓ. ஏறும். அங்கேயே ஒருமுறை பைலட்டைச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். சமவெளிக்கு இறங்கி அதிக நாள் ஓட்டுவதாக இருந்தால் திரும்பத் திருத்த வேண்டும்.

டேங்கில் ஏதாவது ஊற்றினால் பாஸ் ஆகுமாமே? தின்னர், மண்ணெண்ணெய், கிளீனர்...

மண்ணெண்ணெய் ஊற்றினால் புகை கூடும், குறையாது. தின்னர் ரப்பரைத் தின்னும். இன்ஜெக்டர் கிளீனர் மட்டும் இன்ஜெக்ஷன் வண்டியில் கொஞ்சம் உதவலாம், அதுவும் ஒரு டேங்க் ஓடிய பிறகு. சோதனைக்கு முந்தைய இரவு ஊற்றிப் பயனில்லை.

20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய வண்டியின் எண்களைக் கெடுக்குமா?

எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் கார்புரேட்டர் வண்டியில் கலவை மெலியும். சி.ஓ. கொஞ்சம் இறங்கவே செய்யும். ஏற்கெனவே மெலிந்த கலவையில் ஓடும் வண்டி என்றால் ஐடிலில் தடுக்கி எச்.சி. ஏறலாம். பைலட்டைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகும். பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் அடிக்கடி பாருங்கள், அங்கேதான் உண்மையான தொந்தரவு.

தோற்றுவிட்டால் அடுத்து என்ன?

நிராகரிப்புச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2021-இல் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரிச் சான்றிதழ் வந்தபோதே இந்தச் சீட்டும் வந்தது. காரணம் அதில் எழுதியிருக்க வேண்டும். மையத்தின் கருவிமேல் சந்தேகம் என்றால் வேறு மையத்தில் சோதிக்கலாம். வண்டியின் படமும் பதிவெண்ணும் ஏறுவதால் "வண்டி வர வேண்டாம், நம்பர் மட்டும் சொல்லுங்க" என்பவர்களிடம் போகாதீர்கள். சாலையில் புகை கக்கினால் கையில் இருக்கும் சான்றிதழ் காப்பாற்றாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம், உரிமமும் மூன்று மாதம் போகும்.

சான்றிதழ் இல்லாமல் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க முடியாதா?

2017-இல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு நிபந்தனை வைத்தது. 2024 ஜூலையில் அதை நீக்கிவிட்டது. ஆனால் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும்போது சான்றிதழ் கேட்பார்கள்.

டெல்லியில் செய்வதுபோல இங்கேயும் 15 வருட வண்டியைப் பிடுங்குவார்களா?

டெல்லியில் பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 10 வருடம் என்று வந்த தடை தலைநகர்ப் பகுதிக்கு மட்டுமானது. தமிழ்நாட்டில் அப்படி வயதுத் தடை இல்லை. எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்த்து, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கொள்ளலாம்.

ரிங் போய்விட்டது என்கிறார்கள். செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?

முதலில் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள், வாய்வார்த்தையை நம்பி இன்ஜினைப் பிரிக்காதீர்கள். பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பச் சோதிக்கும்போது அழுத்தம் ஏறினால் ரிங்தான், ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றால் செலவு குறைவு, தயங்காமல் செய்யுங்கள். 100 சி.சி. பைக்குக்குப் போர் எடுத்துப் பிஸ்டன் மாற்றுவதும் தாங்கக்கூடிய செலவுதான். கார் என்றால் பாடியைப் பாருங்கள். அடித்தட்டும் சேஸிஸும் துருவேறிப் போயிருந்தால் இன்ஜினுக்குப் போடும் பணம் திரும்பாது. பாடி திடமாக இருந்து, பாகங்களும் கிடைக்கிற மாடல் என்றால் செய்யலாம். வேலையைக் கொடுக்கும் முன் போர் எடுக்கும் லேத் எது, ரிங் எந்தக் கம்பெனி என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.